மேயும் வாயும் தோண்டும் நகமும் மண்ணுக்குப் பகையல்ல

மலைப் புல்வெளிகளில் மரம் நடவும் வேலி போடவும் திட்டம் தீட்டிவரும் பசுமை அமைப்புகளுக்கும் தன்னார்வலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

நண்பர்களே,

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் உங்கள் அழைப்புகள் வந்துவிடுகின்றன. எந்த மலை, எத்தனை ஆயிரம் கன்று, பேருந்து எங்கிருந்து கிளம்பும் என்ற விவரங்களோடு இப்போதெல்லாம் ‘கார்பன் சேமிப்பு’ என்றும் ஒரு பத்தி இருக்கிறது. ‘தரிசாகக் கிடக்கும் மலைப் புல்வெளியில் மரம் நட்டு, ஆடுமாடுகளும் காட்டு விலங்குகளும் நுழையாதபடி வேலி அமைத்து, காற்றிலுள்ள கார்பனை மண்ணுக்குக் கொண்டு சேர்ப்போம்’ என்பதுதான் அதன் சாரம்.

உங்கள் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. விடுமுறை நாளில் தூக்கத்தை விட்டு மலையேறுகிறவர்களை யார் குறை சொல்ல முடியும்? என் மறுப்பு இரண்டே விஷயங்களில்தான். மலைப் புல்வெளி தரிசு அல்ல. விலங்குகளை விரட்டினால் மண்ணில் கார்பன் சேரும் என்பதும் சரியல்ல. பல இடங்களில் அந்தக் கார்பனைக் காத்து வைத்திருப்பதே விலங்குகளின் வாயும் குளம்பும் நகமும்தான். இதை உலகின் மிக உயரமான புல்வெளிகளில் கிடைத்த சான்றுகளோடு சொல்லிவிட்டு, நம் மலைகளுக்கு வருகிறேன்.

முதலில், கார்பன் எங்கே இருக்கிறது? மரத்தின் கார்பன் கண்ணெதிரே நிற்கிறது. தண்டின் சுற்றளவை நாடா வைத்து அளந்து சூத்திரத்தில் போட்டால் கணக்கு வந்துவிடும். புல்வெளியின் கார்பன் காலுக்குக் கீழே இருக்கிறது. உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி டன் கார்பன் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வளிமண்டலத்தில் உள்ளதைவிட இது மிக அதிகம். இதில் குளிர்ந்த மலைப் புல்வெளிகளின் பங்குக்குத் தனி மதிப்பு உண்டு. குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகவே வேலை செய்கின்றன. செத்த வேர் முழுதாக மட்கித் தீர்வதற்குள் அடுத்த வேர் இறங்கிவிடுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த சரக்கு அது.

திபெத்தியப் பீடபூமியில் கோப்ரீசியா என்றொரு குட்டைக் கோரை இருக்கிறது. அதன் ஒரு வகை மட்டும் சுமார் 4.5 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது. தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதன் உயரமோ இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். மண்வெட்டியால் ஒரு சதுரம் வெட்டிப் பெயர்த்தால் மேலே ஒரு விரல்கணு அளவுக்குப் பச்சை தெரியும். அதற்குக் கீழே செத்த வேரும் உயிருள்ள வேரும் கோரைப்பாய் முடைந்ததுபோல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மண்ணை உதறினாலும் உதிராது. மேலே நின்று பார்ப்பவருக்கு மொட்டை வெளியாகத் தெரியும் இடத்தில் கார்பன் முழுக்கக் கீழே கிடக்கிறது.

இந்தக் கோரை அங்கே நிலைத்திருப்பதே மேய்ச்சலால்தான். யாக் என்னும் மலைமாடும் ஆடும் எவ்வளவு கறண்டினாலும் அதன் வளர்நுனி தரையோடு ஒட்டியிருப்பதால் தப்பிவிடுகிறது. மேய்ச்சலை நிறுத்திவிட்டால், ஈரமுள்ள இடங்களில் உயரமான புல்வகைகள் தலைதூக்கி இதை நிழலில் அமுக்கிவிடுகின்றன. மேலே பார்வைக்குச் செழிப்பு கூடும். கீழே வேர்ப்பாயை முடைகிறவர் இருக்கமாட்டார்.

மேய்ச்சல் என்றதும் நம்மில் பலருக்கு ‘தின்று தீர்ப்பது’ மட்டுமே நினைவுக்கு வருகிறது. மேயும் விலங்கு அதோடு நிற்பதில்லை. தின்ற புல்லில் ஒரு பகுதியைச் சாணமாகவும் மூத்திரமாகவும் மண்ணுக்கே திருப்பித் தருகிறது; அதோடு நைட்ரஜனும் போகிறது. காய்ந்து நின்று காற்றிலும் வெயிலிலும் வீணாகப்போகும் தாளைக் குளம்பால் மிதித்து மண்ணோடு சேர்க்கிறது. கடிபட்ட புல் மறுபடி துளிர்க்கும்போது வேரின் வழியே மண்ணுக்குள் கசியவிடும் சர்க்கரைப் பொருள்கள் நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. இவை எல்லாம் சேர்ந்து மண்ணின் கார்பனைக் கூட்டுமா குறைக்குமா என்பதை வெறும் வாதத்தால் முடிவு செய்ய முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அப்படி அளந்து பார்த்த இடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் கிப்பர் என்ற ஊர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சுமந்த பக்சியும் அவருடைய மாணவர்களும் அங்கே புல்வெளியில் வேலியிட்ட பாத்திகளையும் வேலியில்லாத பாத்திகளையும் அருகருகே வைத்து, ஆண்டு தவறாமல் மண் எடுத்தார்கள். வேலிக்கு வெளியே நீலச் செம்மறி எனப்படும் பரல், ஐபெக்ஸ் காட்டாடு, யாக், ஊர்க்கால்நடைகள் எல்லாம் வழக்கம்போல மேய்ந்தன. வேலிக்கு உள்ளே எதுவும் போகவில்லை. 16 ஆண்டுக் கணக்கு 2022-இல் வெளிவந்தது. விலங்குகள் இல்லாத பாத்திகளில் மண்ணின் கார்பன் அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கிய வீச்சு, மேய்ச்சல் நடந்த பாத்திகளைவிட 30 முதல் 40 விழுக்காடு அதிகமாக இருந்தது. நைட்ரஜன் சுழற்சியில் விலங்குகள் கொண்டுவரும் மாற்றத்தை இதற்கு முக்கியக் காரணமாக அவர்கள் காட்டினார்கள்.

இந்த முடிவை நீங்கள் கூர்ந்து படிக்க வேண்டும். விலங்குகள் கார்பனைப் பெருக்கின என்று அவர்கள் சொல்லவில்லை. நிலையாக வைத்திருந்தன என்கிறார்கள். கார்பன் திட்டத்துக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை. ஒரு நல்ல ஆண்டில் சேர்த்துவிட்டு அடுத்த வறட்சியில் காற்றுக்கே விட்டுவிடும் மண்ணை நம்பி, முப்பது ஆண்டுக்கு வாக்குறுதி கொடுக்க முடியுமா? உங்கள் வேலி நிலைத்தன்மையைத்தான் முதலில் குலைக்கும்.

‘அப்படியானால் எந்த ஆடுமாடும் எவ்வளவு வேண்டுமானாலும் மேயலாமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கூடாது என்பதே பதில். அளவுக்கு மீறிய மந்தை மண்ணை இறுக்குகிறது, வேரைத் தேய்க்கிறது, மழைக்கும் காற்றுக்கும் மேல்மண்ணைத் திறந்துவிடுகிறது. சரிவான மலையில் அந்தச் சேதம் சீக்கிரம் ஆறாது. எண்ணிக்கையைத் தவிர இன்னொரு சிக்கலையும் அதே கிப்பர் ஆய்வுக்குழு 2023-இல் எடுத்துக்காட்டியது. காட்டு விலங்குகள் மேயும் மண்ணையும் கால்நடைகள் மேயும் மண்ணையும் ஒப்பிட்டார்கள். மேய்ச்சல் அளவு ஒத்திருந்தும் கால்நடை நிலத்தின் மண்ணில் கார்பன் குறைவாக இருந்தது. அங்குள்ள நுண்ணுயிர்கள் தமக்குக் கிடைத்த கார்பனை உடலாக்கிக்கொள்வதில் பின்தங்கியிருந்தன. கூடுதல் பங்கைக் கரியமில வாயுவாக வெளியே விட்டன. ஏன் இந்த வேறுபாடு? டெட்ராசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கால்நடைகளுக்குக் கொடுக்கிறார்கள். அவை சாணத்தோடும் மூத்திரத்தோடும் வெளியேறி மண்ணில் நெடுநாள் தங்குகின்றன. மாட்டின் நோய்க்கிருமிக்கு வைத்த மருந்து, மண்ணின் கார்பனைப் பராமரிக்கும் கிருமிகளையும் தாக்குகிறது. ஆகவே மாட்டை விரட்டுவது தீர்வல்ல. மாட்டுக்கு என்ன மருந்து போகிறது, எப்போது போகிறது என்று கவனிப்பதே தீர்வு. கால்நடை மருத்துவரும் கார்பன் திட்டத்தில் ஓர் ஆள் என்பதை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

இனி, தோண்டுகிறவர்களின் கதை. திபெத்தியப் பீடபூமியில் பைக்கா என்றொரு சிறு விலங்கு வாழ்கிறது. எலிபோலத் தோன்றினாலும் முயலுக்குத்தான் உறவு. வாலில்லை, வட்டக் காது, எடை 100 முதல் 200 கிராம். குடும்பம் குடும்பமாக வளை தோண்டி வாழும். புல்வெளியில் இவை தின்னும் புல், யாக்குக்கும் ஆட்டுக்கும் போயிருக்க வேண்டியது என்றும், இவற்றின் வளைகள்தான் நிலத்தைச் சீரழிக்கின்றன என்றும் முடிவுகட்டி, சீனாவில் 1950-களின் இறுதியிலிருந்து நஞ்சு வைக்கத் தொடங்கினார்கள். லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டரில் துத்தநாக பாஸ்பைடு தூவினார்கள். பின்னர் பாட்டுலினம் நச்சுக்கு மாறினார்கள்.

என்ன ஆயிற்று? நஞ்சு வைத்த இடங்களில் சில ஆண்டுகளிலேயே பைக்காக்கள் திரும்பிவந்தன. ஓர் ஆண்டில் பலமுறை குட்டி போடும் இனம் அது. அதைத் தின்று வாழும் திபெத்திய நரி, பல்லாஸ் காட்டுப்பூனை, பருந்து, வல்லூறு எல்லாம் அவ்வளவு விரைவில் திரும்பவில்லை. பைக்கா வளையில் கூடு கட்டும் பறவைகளுக்கும் வீடு போயிற்று. அமெரிக்க விலங்கியலாளர் ஆண்ட்ரூ ஸ்மித் பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு, இந்தப் புல்வெளியின் பல உயிர்கள் தொங்கிக்கொண்டிருக்கும் ஆதாரமே பைக்காதான் என்று எழுதினார். 2015-இல் அவரும் மேக்ஸ்வெல் வில்சனும் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நேராக மண்ணைப் பற்றியது. வளைகள் உயிர்ப்போடு உள்ள நிலத்தில் மழைநீர் வேகமாக உள்ளே இறங்கியது. நஞ்சு வைத்து வளைகள் தூர்ந்த நிலத்தில் நீர் இறங்கும் வேகம் குறைந்தது. இறங்காத நீர் மேலோடும். மேலோடும் நீர் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகும். மேல்மண்ணோடு கார்பனும் போகும். மஞ்சளாறும் யாங்சியும் மீகாங்கும் பிறக்கும் மேட்டுநிலம் அது என்பதால், கீழே வெள்ளம் வரும் ஊர்களுக்கும் இந்த வளைக்கும் தொடர்பு உண்டு.

வளை தோண்டுவதால் கார்பனுக்கு நன்மை மட்டுமே என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். தோண்டும்போது அடிமண் மேலே வருகிறது, காற்று உள்ளே போகிறது; காற்றுப்பட்ட மட்கு வேகமாகச் சிதைந்து கரியமில வாயுவாகிறது. வளைவாயைச் சுற்றிப் புல்லில்லாத திட்டு உருவாகிறது. திட்டில் கார்பன் குறையும். அதே வேளையில் திட்டுகளுக்கு நடுவே உள்ள புல்லுக்குப் பைக்காவின் எச்சமும், புதைந்த தாளும், இறங்கிய நீரும் கிடைக்கின்றன. அங்கே கார்பன் கூடவும் செய்யும். வளைகள் ஓரளவோடு இருந்தால் கூட்டிக் கழித்துப் பார்க்கையில் கெடுதல் இல்லை. வளைகள் மிகுந்து திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் நட்டம்தான்.

பைக்கா எப்போது மிகுகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குக் குட்டைப் புல்தான் பிடிக்கும். தூரத்தில் வரும் நரியைப் பார்க்க வேண்டுமே! மந்தை அளவுக்கு மீறி மேய்ந்து புல் குட்டையான இடத்தில் அது பெருகுகிறது. நிலம் கெட்டபின் வந்தவனைப் பிடித்து, நிலத்தைக் கெடுத்தவன் என்று தண்டித்திருக்கிறார்கள். 2003 முதல் அதே பீடபூமியில் பெரிய அளவில் வேலிகளும் போட்டார்கள். அவை காட்டு மான்களும் காட்டுக்கழுதைகளும் காலங்காலமாக நடந்த வழிகளை மறித்தன. நஞ்சும் வேலியும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை: விலங்கை நீக்கினால் நிலம் தேறும் என்ற எண்ணம்.

மேய்கிறவருக்கும் தோண்டுகிறவருக்கும் உள்ள உறவைக் காட்ட ஒரு செய்தி போதும். பைக்கா குளிர்காலத்தில் உறங்கிக் கழிப்பதில்லை. வெளியே மைனஸ் 30 டிகிரிக்கும் குளிர் இறங்கும். தின்னப் பச்சை இருக்காது. அது எப்படிப் பிழைக்கிறது என்று ஜான் ஸ்பீக்மன் குழுவினர் ஆராய்ந்து 2021-இல் விடை சொன்னார்கள். பைக்கா தன் உடலின் ஆற்றல் செலவைச் சுமார் 30 விழுக்காடு குறைத்துக்கொள்கிறது. யாக்கின் சாணத்தைத் தின்கிறது. யாக் மேயும் இடத்தில் பைக்கா அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யாக்குக்குப் போட்டி என்று சொல்லி நஞ்சிட்ட விலங்கு, யாக் கழித்ததைத் தின்று குளிரைக் கடத்துகிறது.

எந்த விலங்கு எங்கே தோண்டினாலும் நல்லது என்று இதைப் பொதுவிதியாக்கிவிடக் கூடாது. காட்டுப்பன்றி தன் சொந்த நிலமல்லாத நாடுகளில் மண்ணைக் கிளறுவதால் மட்டும் ஆண்டுக்கு 49 லட்சம் டன் கரியமில வாயு வெளியேறுவதாக 2021-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த மண்ணோடு சேர்ந்து வளர்ந்த விலங்கா, அளவோடு இருக்கிறதா, நடமாட இடம் இருக்கிறதா, அதைத் தின்னும் விலங்கும் உடன் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு விடை பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்ல வேண்டும்.

இப்போது நம் மலைகளுக்கு வருவோம். நீலகிரியிலும் பழனி மலையிலும் பைக்கா இல்லை, பனிப்பாறையும் இல்லை. ஆனால் சோலைக்கும் சோலைக்கும் நடுவே விரிந்த புல்வெளி இருக்கிறது. ‘காட்டை அழித்ததால் வந்த புல்’ என்று அதைச் சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த தாவர மட்கை எடுத்து, அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்த ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததைக் காட்டியது. கோடரி வருவதற்கு முன்பே புல் வந்துவிட்டது. சொல்லப்போனால், அந்தச் சதுப்பு மட்கே புல்வெளி சேர்த்துவைத்த கார்பன்தான். அதைப் படித்துத்தான் இந்த வரலாறே நமக்குத் தெரிந்தது.

அந்தப் புல்வெளியை அழித்தது ஆடுமாடு அல்ல, மரம். ஆங்கிலேயர் கொண்டுவந்த சீகை மரமும் கற்பூர மரமும் பைனும் புல்வெளிமேல் நடப்பட்டன. விடுதலைக்குப் பிறகும் அது தொடர்ந்தது. பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018-இல் வெளியான செயற்கைக்கோள் படிம ஆய்வு சொல்கிறது. சீகை நடாத இடத்திலும் தானாகப் பரவிக்கொண்டிருக்கிறது. இதனால் இடம் இழந்தவர்கள் வரையாடும், தோடர் பழங்குடியினரின் எருமையும். தமிழ்நாட்டில் 2025 கணக்கெடுப்பில் 1,303 வரையாடுகள் இருந்தன. தோடர்களின் எருமைகளோ மேய இடமில்லாமல் ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகின்றன. மேய்ச்சல் இல்லாத புல் கோடையில் உயரமாகக் காய்ந்து நின்று ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கிறது. தீயில் மேலே இருப்பது போகும். தீக்குப் பின் வரும் முதல் மழையில் மண்ணும் போகும்.

‘என்ன இருந்தாலும் மரத்தில் சேரும் கார்பன் அதிகமல்லவா?’ என்று உங்களில் ஒருவராவது கேட்பார். ஸ்காட்லாந்தின் புதர்மேடுகளில் பிர்ச், பைன் மரங்களை நட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. நட்டு 12 ஆண்டான இடத்திலும் 39 ஆண்டான இடத்திலும் மரத்தையும் மண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால், நடாத இடத்தைவிடக் கார்பன் கூடவில்லை. மரத்தில் ஏறியதை மண் இழந்துவிட்டது. மண்ணில் ஏற்கெனவே கார்பன் செறிந்த குளிர்ந்த மேட்டுநிலத்தில் குழி தோண்டி மரம் நடுவது எவ்வளவு தூரம் பயன் தரும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

கன்று வாங்குவதற்கு முன் மண்ணை அளந்துகொள்ளுங்கள். விவசாயிக்குக் கிடைக்கும் மண்வள அட்டையில் ‘அங்ககக் கரிமம்’ என்று விழுக்காடு போட்டிருக்கும். அந்த விழுக்காடு மட்டும் போதாது. குளம்பு பட்டு இறுகிய மண்ணும் வளை தோண்டிப் பொலபொலவென்று ஆன மண்ணும் ஒரே விழுக்காட்டைக் காட்டலாம். ஒரு கன அடியில் இருக்கும் மண்ணின் எடையே வேறு. அளவு தெரிந்த இரும்புக் குழாயை அடித்து இறக்கி, மண்ணை உலர்த்தி எடைபோட்டு, அதையும் கணக்கில் சேருங்கள். ஒரு சாண் ஆழத்தோடு நிற்காதீர்கள். புல்வேர் போகும் ஆழம் வரை போங்கள். ஓர் ஆண்டு அளவை வைத்து எதையும் அறிவிக்காதீர்கள்.

வேலி போட்டே ஆக வேண்டுமென்றால் கிப்பரில் செய்ததுபோலச் சிறு பாத்திகளுக்குப் போடுங்கள். பக்கத்திலேயே மேய்ச்சல் நடக்கும் பாத்தியையும் விட்டுவையுங்கள். பத்து ஆண்டு கழித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மலை முழுவதையும் சுற்றி வேலி போட்டுவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

எலி, பெருச்சாளி, முள்ளம்பன்றி தோண்டியது என்று வளைகளைத் தூர்க்கவோ நஞ்சு வைக்கவோ வேண்டாம். சாணத்தை உருட்டி மண்ணுக்குள் இறக்கும் வண்டுகளும் தோண்டுகிறவர்கள் கணக்கில்தான் சேர்த்தி. சாணம் நின்றால் அவையும் நின்றுவிடும்.

திட்டக் கூட்டத்துக்குத் தோடர் பெரியவர்களையும் மலையில் மாடு மேய்க்கிறவர்களையும் கூப்பிடுங்கள். எந்தச் சரிவில் எந்த மாதம் புல் தேறும், எத்தனை மாடு தாங்கும், எப்போது மந்தையை மாற்ற வேண்டும் என்பதை அவர்கள் சொல்லட்டும். உள்ளூர்க் கால்நடை மருத்துவரையும் உடன் உட்காரவையுங்கள்.

கடைசியாக, உங்கள் ஆள்பலத்தைச் சீகையை அகற்றுவதற்குத் திருப்புங்கள். வெட்டினால் போதாது, அடிக்கட்டை தளிர்க்கும், மண்ணில் கிடக்கும் விதைகள் பல ஆண்டு முளைத்துக்கொண்டே இருக்கும். ஆண்டுதோறும் போய்ப் பிடுங்க ஆள் வேண்டும். வனத்துறை அனுமதியோடு, புல்நாற்று நட்டு, வரையாடும் எருமையும் திரும்ப வரும்வரை பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. நட்ட கன்றோடு எடுத்துக்கொள்ளும் படம் இதில் கிடைக்காது. அதற்கு ஆள் திரட்டுவீர்களானால் எனக்கும் ஒரு கைக்கத்தி ஒதுக்கி வையுங்கள்; வருகிறேன்.

அன்புடன்,
மலைப் புல்வெளிகளின் பொருட்டு உங்களோடு வழக்காடும் ஒரு நண்பன்